அமரில்லிஸ் வாங்கப் போகிறீர்களா? பெட்டியை விடுங்கள், கிழங்கைப் பாருங்கள்

குளிர்காலத்தில் வீட்டுக்குள் பூக்கும் அமரில்லிஸ் கிழங்கை வாங்கலாமா என்று கேட்டால், தயங்காமல் வாங்குங்கள் என்பேன். தொட்டியும் மண்ணும் சேர்த்து அழகான பெட்டியில் அடைத்து விற்கிறார்களே, அதை வாங்கலாமா என்று கேட்டால் என் பதில் வேறு. இந்தக் குளிர்காலத்தில் ஒரே ஜன்னல் திண்டில் மூன்று விதமான கிழங்குகளை வளர்த்துப் பார்த்தேன். ஒன்று, கடையில் பரிசுப்பெட்டியாகக் கிடைப்பது. இன்னொன்று, கிழங்கு மட்டும் விற்கும் இடத்தில் அளவு கேட்டு வாங்கியது. மூன்றாவது மெழுகு பூசிய கிழங்கு. மண்ணும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அது. உடன் வேலை பார்க்கும் ஒருவர் கொடுத்தார். மூன்றும் பூத்தன. ஆனால் மூன்றுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் நான் நினைத்ததைவிடப் பெரிது.

மூன்றையும் அதிக நேரம் பார்த்தவர் என் மாமியார். அத்தைக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. வெளியே பனியில் வழுக்குகிற காலம் முடியும்வரை வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள். தெற்கு பார்த்த ஜன்னலோரம் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தோம். பகல் முழுக்க அங்கேதான். சாம்பல் வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, கண்ணுக்கு முன்னால் ஏதாவது வளரட்டும் என்றுதான் முதல் பெட்டியை வாங்கினேன். அத்தை வாழ்நாளெல்லாம் தையல் வேலை செய்தவர். இன்ச் டேப் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இங்கே நான் எழுதும் அளவுகள் எல்லாம் அவர் எடுத்துக் கொடுத்தவை.

பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். மேலே பெரிய படம்: ஒரே கிழங்கிலிருந்து மூன்று தண்டுகள், மூன்றிலும் சிவப்புப் பூக்கள் ஒரே நேரத்தில் விரிந்து நிற்கின்றன. பெயர் ரெட் லயன் என்று போட்டிருந்தது. பழைய, பரவலாகக் கிடைக்கிற நல்ல ரகம். உள்ளே ஒரு கிழங்கு, ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அழுத்திக் காயவைத்த கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) வட்டு, நாலாக மடித்த குறிப்புத்தாள். கிழங்கின் அளவு பெட்டியில் எங்குமே இல்லை. என் முதல் குறையும் பெரிய குறையும் அதுதான்.

அமரில்லிஸ் கிழங்கைச் சுற்றளவு வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். பருத்த பகுதியைச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர் என்பது கணக்கு. 24-26, 26-28, 28-30 என்று ஏறிக்கொண்டே போய், 34-க்கு மேலும் உண்டு. சிறிய கிழங்கில் பெரும்பாலும் ஒரு தண்டுதான் வரும். நடுத்தரத்தில் இரண்டை எதிர்பார்க்கலாம். நல்ல பெரிய கிழங்கு மூன்று தண்டுகூடக் கொடுக்கும். ரகத்துக்கு ரகம் கொஞ்சம் மாறினாலும், வாங்குகிறவருக்குத் தெரியவேண்டிய முதல் எண் இதுதான். அதை மறைத்துவிட்டுப் படத்தில் மூன்று தண்டைக் காட்டுவது சரியில்லை. அத்தை டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சுதாம்மா இருக்கு. படத்துல இருக்கறது இது இல்ல" என்றார்.

தனியாக வாங்கிய கிழங்கின் சுற்றளவு 34. கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரிந்தது. கனமாக இருந்தது, கட்டைவிரலால் அமுக்கினால் எங்கேயும் உள்வாங்கவில்லை. அடியில் வேர்கள் தடித்து, வெளுத்து, உயிரோடு இருந்தன. பெட்டிக் கிழங்கின் வேர்களில் பாதி காய்ந்து சுருங்கியிருந்தன. கழுத்திலிருந்து வெளிறிய மஞ்சள் முளை ஒன்று பெட்டியின் மூடியில் முட்டி வளைந்திருந்தது. முளை வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம், வெளிச்சம் பட்டால் ஓரிரு வாரத்தில் பச்சையாகி நிமிர்ந்துவிடும். ஆனால் அது ஒரு சேதி சொல்கிறது. இந்தக் கிழங்குகளை 13 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால்தான் தூங்கும். சூடேற்றிய கடையில், அலமாரியில் நாட்கணக்கில் கிடந்தால் இருட்டிலேயே முளைத்து, சேர்த்து வைத்ததைச் செலவழிக்க ஆரம்பித்துவிடும். பெட்டியாகத்தான் வாங்குவேன் என்பவர்கள் கடையிலேயே மூடியைத் திறந்து பாருங்கள். முளை சிறிதாக இருந்தால் எடுங்கள். விரல் நீளத்துக்கு மேல் வளைந்து கிடந்தால் வேறு பெட்டி பாருங்கள்.

கனத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், நாம் காசு கொடுத்து வாங்குகிற பூ ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. இந்தச் செடி வளர்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நான்கு இலை, அப்புறம் ஒரு பூந்தண்டு. மறுபடி நான்கு இலை, மறுபடி ஒரு பூந்தண்டு. இந்தக் குளிர்காலத்தில் விரியும் பூவின் மொட்டு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே கிழங்குக்குள் உருவாகத் தொடங்கியிருக்கும். வளர்த்தவர் இலைகளை நன்றாகப் பார்த்துக்கொண்டு, அந்த இலைகள் செய்த உணவு செதில் செதிலாக உள்ளே சேர்ந்திருந்தால் கிழங்கு கனக்கும். இலைகள் குறைவாக இருந்திருந்தால் மொட்டுகளும் குறைவு. வாங்கி வந்த பிறகு நாம் கொடுப்பது கொஞ்சம் வெதுவெதுப்பு, கொஞ்சம் தண்ணீர், வெளிச்சம், அவ்வளவுதான். உள்ளே இல்லாத மொட்டை எந்த உரமும் வரவழைக்காது. அதனால்தான் தொட்டியின் நிறம், பெட்டியின் பளபளப்பு எதற்கும் மயங்காமல் கிழங்கை எடை பார்த்து வாங்குங்கள் என்கிறேன்.

வீட்டுக்குள் வளர்க்க இதைவிடச் சுலபமான கிழங்கு எனக்குத் தெரிந்து இல்லை. டூலிப்புக்கும் ஹயசிந்துக்கும் பல வாரம் கடும் குளிரில் இருந்தால்தான் பூ வரும். அதற்காகக் குளிர்பதனப் பெட்டியில் இடம் ஒதுக்கி, பழங்கள் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, பெரிய வேலை. அமரில்லிஸுக்கு அந்தக் குளிர் தேவையில்லை. இதன் மூதாதைகள் தென் அமெரிக்காவின் வெப்பமான பகுதிகளைச் சேர்ந்தவை. ஓய்வுக்குப் பிறகு வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் எழுந்துவிடும். தாவரவியலில் இதற்கு ஹிப்பியாஸ்ட்ரம் என்று பெயர். அமரில்லிஸ் பெல்லடோனா என்று தென்னாப்பிரிக்காவில் வேறொரு செடி இருக்கிறது. அது தோட்டத்தில் இலை இல்லாமல் பூக்கிற வகை. வளர்ப்பு முறை தேடும்போது அதன் குறிப்புகளை எடுத்து இதற்குச் செய்துவிட வேண்டாம்.

தொட்டி விஷயத்தில் பெட்டிக்காரர்கள் மீது எனக்குக் கோபமே வந்தது. அடியில் ஒரு ஓட்டைகூட இல்லை. கூடவே குறிப்புத்தாளில் தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் கிழங்கு அழுகுவதற்கு வேறெதுவும் வேண்டாம். வேர் ஓடத் தொடங்கும்வரை இதற்குத் தண்ணீரே அதிகம் தேவைப்படாது. நட்டதும் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீர். பிறகு மேல்மண் காய்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்சம். முளை கண்ணுக்குத் தெரிந்து வளரத் தொடங்கிய பிறகுதான் தண்ணீரைக் கூட்ட வேண்டும். அப்போதும் கிழங்கின் கழுத்துக்குள் ஊற்றாமல் தொட்டி ஓரமாக ஊற்ற வேண்டும். முதல் முறை வளர்ப்பவர் அந்தத் தாளை நம்பித்தானே செய்வார்? பூ வராமல் கிழங்கு கூழாகிப் போனால் தன் கைராசி சரியில்லை என்றுதானே நினைத்துக்கொள்வார்? நான் ஒரு ஆணியைச் சூடாக்கி, அடியில் ஓட்டைகள் போட்டுவிட்டுத்தான் நட்டேன். நிறுவனத்துக்கும் எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி பதில் வந்தது.

நடுவதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிழங்குக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருந்தால் போதும், நெருக்கமாக இருப்பதே இதற்குப் பிடிக்கும். மேல் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். பெரிய கிழங்குக்குக் கனமான மண்தொட்டியாகப் பாருங்கள். பூக்கும்போது தலை கனத்து, இலேசான பிளாஸ்டிக் தொட்டி சாய்ந்துவிடும். பெட்டியில் வந்த கோகோபீட் பூக்கும்வரைக்கும் தாங்கும். அதில் சத்து எதுவும் கிடையாது, ஆகவே அடுத்த வருடத்துக்கும் வைத்துக்கொள்ள நினைத்தால் நல்ல மண் கலவைக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டையும் ஒரே நாளில் நட்டு, ஒரே திண்டில் வைத்தேன். அறை 20, 21 டிகிரி இருக்கும். பெட்டிக் கிழங்கு முந்திக்கொண்டது. தனிக்கிழங்கு நீண்ட நாள் அசையவே இல்லை. "பெருசுதான் ஏமாத்திடும் போலிருக்கே" என்று அத்தைக்குக் கவலை. காரணம் பெட்டியின் அடியிலேயே சிறிய எழுத்தில் இருந்தது. பெட்டிக் கிழங்கு விளைந்தது தென்னாப்பிரிக்காவில், தனிக்கிழங்கு நெதர்லாந்தில். தென்கோளத்தில் பருவம் தலைகீழ். அங்கே கிழங்குகள் முன்னதாகவே அறுவடையாகி, ஓய்வையும் முன்னதாக முடித்துக்கொண்டு வந்துவிடுகின்றன. டச்சுக் கிழங்குகள் இலையுதிர்காலத்தில் எடுத்து, வாரக்கணக்கில் குளிரில் வைத்துவிட்டு வருபவை. அவை விழிக்கக் கூடுதல் நாள் எடுத்துக்கொள்ளும். டிசம்பரில் பூ வேண்டும் என்பவருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் வேண்டும் என்பவருக்கும் இந்த ஒரு தகவல் போதும். இவ்வளவு முக்கியமான விஷயத்தை அடிப்பக்கத்தில் ஒளித்து வைப்பானேன்?

கழுத்திலிருந்து எட்டிப் பார்ப்பது இலையா மொட்டா என்று கண்டுபிடிப்பது முதல் சந்தோஷம். இலை என்றால் தட்டையாக, மெல்லியதாக, நுனி மழுங்கி வரும். மொட்டு தடித்து, இரண்டு பக்கமும் அமுங்கி, நுனி கூராகக் கிளி மூக்கு போல வளைந்து வரும். கழுத்தின் நடுவில் வராமல் ஒரு ஓரத்தைப் பிளந்துகொண்டு வரும். பெட்டிக் கிழங்கில் முதலில் வந்ததெல்லாம் இலைதான். அத்தை முகம் வாடிவிட்டது. நானும் இந்த வருடம் பூ இல்லையோ என்றுதான் நினைத்தேன். சில நாள் கழித்துக் காலையில் அவர் கூப்பிட்ட சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. "ஏம்மா, இங்க வந்து பாரு. ஓரத்துல ஒண்ணு செவப்பா முட்டிக்கிட்டு வருது."

அதற்குப் பிறகு நடந்ததற்காகவே இந்தக் கிழங்கைச் சிபாரிசு செய்கிறேன். பூச்செடிகள் வளர்வதை நாம் பார்ப்பதில்லை. வளர்ந்த பிறகு பார்க்கிறோம். இதில் வளர்வதையே பார்க்கலாம். வெதுவெதுப்பான அறையில் தண்டு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறுகிறது. அத்தை ஒரு நீளக் காகிதத்தை ஜன்னல் சட்டத்தில் ஒட்டி, காலையில் ஒரு பென்சில் கோடு, ராத்திரி ஒரு கோடு என்று போட ஆரம்பித்தார். வெயில் அடித்த நாளில் எவ்வளவு, மேகமூட்டத்தில் எவ்வளவு, ராத்திரி எவ்வளவு என்று எல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. நடக்கவே அலுத்துக்கொண்டவர், கோடு போடுவதற்காக நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் ஒருநாள் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, தண்டின் உயரம் ஏற ஏற அத்தை நிற்கும் நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார். அப்படியே செய்தோம்.

தண்டு வெளிச்சத்தைப் பார்த்து வேகமாகச் சாயும். தினமும் தொட்டியை அரை வட்டம் திருப்பி வைக்க வேண்டும். அந்த வேலையை அத்தை யாருக்கும் விட்டுத்தரவில்லை. வெளிச்சம் குறைந்தால் தண்டு மெலிந்து நீண்டுவிடும், பிறகு பூவின் பாரத்தைத் தாங்காது. வெப்பமூட்டிக்கு மேலே வைத்தாலும் அதே கதிதான். ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டியும் வைக்க வேண்டாம், ராத்திரியில் கண்ணாடி பக்கம் சில்லிட்டுப்போகும். நான் ஒரு கை தூரம் தள்ளி வைத்திருந்தேன். பெட்டிக் கிழங்கின் தண்டு 48 சென்டிமீட்டரில் நின்றது. தனிக்கிழங்கு நிதானமாக எழுந்து, அதைவிடத் தடித்த தண்டோடு 55 வரை போனது.

பூ விரிகிற நாட்களில் அவசர வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். முதலில் மொட்டை மூடியிருக்கும் உறை பக்கவாட்டில் கீறி, மெல்லிய காகிதமாகச் சுருண்டு கீழே தொங்கும். உள்ளே நான்கு மொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிமிர்ந்து நிற்கும். அவற்றின் காம்புகள் மெதுவாக நீண்டு, மொட்டுகள் ஒவ்வொன்றாகத் தலையைப் படுக்கைவாட்டில் சாய்க்கும். அந்தச் சாய்வு நடக்கும்போதே நிறம் ஏறும். ரெட் லயனில் பச்சை கலந்த மங்கல் சிவப்பு இரண்டொரு நாளில் அடர் சிவப்பாகிறது. அப்புறம் நுனியில் ஒரு சின்ன இடைவெளி. காலையில் பென்சில் நுழையும் அளவு இருந்தது, சாயங்காலம் விரல் நுழையும் அளவு, மறுநாள் முழுசாக விரிந்துவிட்டது. ஆறு இதழ்கள். அடியிலிருந்து கீழ்ப்பக்கமாகக் கிளம்பி மேல்நோக்கி வளையும் மகரந்தத் தாள்கள். அவற்றைத் தாண்டி நீளும் சூல்தண்டின் நுனி மூன்றாகப் பிரிந்திருக்கிறது. வெயில் படும்போது இதழ்களில் பொடி தூவிய மினுமினுப்பு தெரியும். அதைப் பார்க்கத் தலையைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். அத்தை அளந்தார், பூவின் குறுக்களவு 17 சென்டிமீட்டர்.

வாசனை கிடையாது. ரெட் லயன் போன்ற பெரிய சிவப்பு ரகங்களிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம். நான் தனியாக வாங்கியது ஆப்பிள் ப்ளாசம், வெள்ளையில் இளஞ்சிவப்பு ஓடிய பூ. அதில் இலேசான மணம் இருந்தது, மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால்தான் தெரியும். கண்ணுக்கு எனக்குப் பிடித்தது அதுதான். தொண்டைப் பகுதியில் இளம்பச்சை, அங்கிருந்து வெள்ளை, ஓரங்களில் இளஞ்சிவப்புத் தீற்றல். ஒவ்வோர் இதழிலும் தீற்றல் வேறு மாதிரி விழுந்திருந்தது.

பூ விரிந்த பிறகு இடத்தைக் கொஞ்சம் மாற்றினால் அதிக நாள் நிற்கும். 15 முதல் 18 டிகிரி இருக்கும் இடம், நேர் வெயில் வேண்டாம். நாங்கள் ராத்திரியில் சூடு வைக்காத பக்கத்து அறைக்கு எடுத்துப்போய், காலையில் அத்தை எழுவதற்குள் திண்டில் கொண்டுவந்து வைத்துவிடுவோம். விரிந்ததும் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டால் மஞ்சள் பொடி இதழ்மேலும் துணிமேலும் கொட்டாது. பூவும் இரண்டொரு நாள் கூடுதலாக நிற்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு பூவும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் நின்றது. நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக விரிவதால் ஒரு தண்டே இரண்டு வாரத்துக்கு மேல் காட்சி தந்தது.

பெட்டிக் கிழங்கு அந்த ஒரு தண்டோடு நிறுத்திக்கொண்டது. பெரிய கிழங்கு மூன்று தண்டுகள் விட்டது. முதல் இரண்டும் சில நாள் இடைவெளியில் வந்து சேர்ந்தே பூத்தன. மூன்றாவது, முதல் தண்டு வாடிய பிறகு எழுந்தது. ஆக மூன்றும் ஒரே நேரத்தில் பூத்து நிற்கும் பெட்டிப் படத்தை நான் பெரிய கிழங்கிலும் பார்க்கவில்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. குளிர்காலத்தின் நடுவிலிருந்து கடைசிவரை அந்த ஜன்னலில் ஏதோ ஒரு பூ இருந்துகொண்டே இருந்தது. பெரிய கிழங்குக்குக் கொஞ்சம் அதிகம் கொடுக்கத்தான் வேண்டும். கிடைத்த வாரங்களைக் கணக்குப் பார்த்தால் அதுதான் மலிவு.

ஒரு தண்டு பூப்பாரத்தில் சாய ஆரம்பித்தது. குச்சி நட்டுக் கட்டலாம், ஆனால் குச்சியைக் கிழங்கில் குத்திவிடாமல் பார்க்க வேண்டும். நான் வெட்டிப் பூச்சாடியில் வைத்தேன். தண்டு உள்ளே குழலாக இருக்கும். தண்ணீரில் நின்றால் வெட்டிய நுனி பிளந்து வெளிப்புறமாகச் சுருளும். நுனியைச் சுற்றி ஒரு துண்டு ஒட்டுநாடா சுற்றிவிட்டால் சுருளாது. பூக்கடைக்காரர்கள் செய்வது இது. சாடியிலும் பூக்கள் தொட்டியில் நின்ற அளவுக்கே நின்றன. கிழங்குக்கும் நஷ்டமில்லை, இலைகளை வெட்டாதவரை சரி.

இவ்வளவு பெரிய பூவை முதலில் யார் உண்டாக்கியது என்று அத்தை கேட்டார். தேடிப் பார்த்ததில், இந்தக் குடும்பத்தின் முதல் கலப்பினம் 1799-ல் இங்கிலாந்தில் ஆர்தர் ஜான்சன் என்ற கடிகாரக்காரர் உருவாக்கியது என்று தெரிந்தது. சிவப்புப் பூ இனம் ஒன்றையும் கோடு போட்ட இனம் ஒன்றையும் சேர்த்து, வெள்ளைக் கோடு ஓடிய சிவப்புப் பூவை வரவழைத்திருக்கிறார். இன்று கிடைக்கும் நூற்றுக்கணக்கான ரகங்களுக்கும் அதுதான் ஆரம்பம். கடிகாரக்காரர் என்றதும் அத்தைக்கு அப்படி ஒரு சந்தோஷம். "நுணுக்கமா வேலை செய்யற கைதான் இதையும் செஞ்சிருக்கும்" என்றார். மகரந்தத்தைத் தொட்டு இன்னொரு பூவின் நுனியில் வைக்கிற வேலைதான் அது, பொறுமையும் நிதானமும் வேண்டும். ரெட் லயனையும் ஆப்பிள் ப்ளாசத்தையும் வைத்துத் தானும் செய்து பார்க்க ஆசைப்பட்டார். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கவில்லை என்பதால் இந்த முறை முடியவில்லை.

மெழுகுக் கிழங்கைப் பற்றி நேராகவே சொல்கிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை. கொடுத்தவரின் அன்பு வேறு, அதை நான் மதிக்கிறேன். பொருளை மட்டும் சொல்கிறேன். கிழங்கின் வேர்களையும் அடித்தட்டையும் வெட்டி, நிற்பதற்குக் கம்பி வைத்து, மேலே மெழுகு பூசி விற்கிறார்கள். கிழங்குக்குள் சேர்ந்திருக்கும் ஈரத்தையும் உணவையும் வைத்தே அது பூத்துவிடுகிறது. இரண்டு தண்டு வந்தது, கட்டையாக, பூக்களும் சற்றுச் சிறிதாக. மேசைமேல் வைத்தால் வேலையே இல்லை. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத இடத்துக்கு, எழுந்து நடமாட முடியாதவர் படுக்கையோரத்துக்குப் பொருத்தமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேரும் மண்ணும் இல்லாமல் தன்னிடம் இருப்பதையெல்லாம் செலவழித்துவிட்டு அது முடிந்துபோகிறது. மெழுகை உரித்து நட்டுப் பார்த்தேன், அது மறுபடி வேர் விடவே இல்லை. பல வருடம் வாழக்கூடிய ஒரு செடியை ஒரு பருவத்தோடு தூக்கிப்போடுகிற மாதிரி செய்து விற்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எல்லா வகைக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று. இந்தச் செடியில் லைக்கோரின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, கிழங்கில் அதிகம். பூனை, நாய் கடித்தால் வாந்தி எடுக்கும், குழந்தைகளுக்கும் ஆகாது. உலர்ந்த கிழங்கை வெங்காயம் இருக்கும் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள். சிலருக்குச் சாறு பட்டால் தோல் அரிக்கும், வெட்டிய பிறகு கை கழுவிவிடுங்கள். பெட்டியில் இந்த எச்சரிக்கை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய எழுத்தில் இருந்தது. தனிக்கிழங்கு விற்றவர் கையில் கொடுக்கும்போதே சொல்லிக் கொடுத்தார்.

பூ முடிந்ததும் நிறையப் பேர் தூக்கிப்போட்டு விடுகிறார்கள். வேண்டாம். வாடிய பூக்களை எடுத்துவிட்டு, தண்டு மஞ்சளானதும் வெட்டுங்கள். இலைகளை மட்டும் தொடாதீர்கள், அடுத்த பூவுக்கான சாப்பாடு அவற்றிலிருந்துதான். நல்ல வெளிச்சத்தில் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரவ உரம் கொடுத்து, உறைபனி முடிந்ததும் வெளியே அரை நிழலில் வைக்கலாம். இலையுதிர்காலத்தில் தண்ணீரை நிறுத்தி, 13 டிகிரி அளவில் எட்டு முதல் பத்து வாரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி எழும். எங்கள் பெரிய கிழங்கில் இப்போது ஆறு இலைகள் இருக்கின்றன. நான்கு இலைக்கு ஒரு மொட்டு என்று நான் சொன்னதிலிருந்து, அத்தையின் கோடுகள் தண்டிலிருந்து இலைக்கு மாறிவிட்டன. "இன்னும் ரெண்டு வரணும்மா" என்கிறார்.

ஆக, வாங்குவதென்றால் 30-க்கு மேல் சுற்றளவுள்ள கிழங்காகக் கேளுங்கள். விளைந்த நாட்டையும் கேளுங்கள். தென்கோளத்துக் கிழங்கை நவம்பர் தொடக்கத்தில் நட்டால் டிசம்பர் கடைசியில் பூ பார்க்கலாம். டச்சுக் கிழங்கை அதே சமயம் நட்டால் ஜனவரி, பிப்ரவரிக்கு வரும். இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கினால் குளிர்காலம் முழுக்க வரிசையாகப் பூ இருக்கும். ஓட்டையுள்ள ஒரு மண்தொட்டியும் சாதாரண மண் கலவையும் எங்கேயும் கிடைக்கும், அதற்காகப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. விற்பவருக்குக் கிழங்கின் அளவு சொல்லத் தெரியவில்லை என்றால் அங்கே வாங்காதீர்கள். அடுத்த முறைக்கு நான் பப்பிலியோ சொல்லி வைத்திருக்கிறேன், வெளிர்பச்சை இதழில் அடர் சிவப்புக் கோடுகள் ஓடும் இனம். அதன் கிழங்கு இயல்பிலேயே கொஞ்சம் சிறிது, அதற்கு இந்த 30 கணக்கைப் பார்க்க வேண்டாம்.